பின் சீட்டில் பேசிக்கொண்டு வருகிறவன்

எங்கள் தெருவில் பெண்டாட்டி வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகிற ஆம்பிளை நான் ஒருவன்தான். ஆரம்பத்தில் டீக்கடை முனையில் வண்டி திரும்பும்போதெல்லாம் யாராவது ஒருத்தன், "இன்னா அண்ணாத்த, டிரைவர் போட்டுகினியா?" என்று கேட்பான். நான் சிரித்து வைப்பேன். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வராது.

ஓட்டுகிறவருக்கு முன்னால் ரோடு இருக்கிறது, கையில் பிரேக் இருக்கிறது. பின்னால் இருப்பவனுக்கு ஒரு முதுகு இருக்கிறது, அவ்வளவுதான். பள்ளம் வந்தது இடுப்புக்குத்தான் முதலில் தெரியும். லாரி வருவது காதுக்குத்தான் தெரியும். நான் மீசை முளைத்த நாளிலிருந்து பைக் ஓட்டியவன். எதிரில் மாடு வந்தால் என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தானாக அமுங்கும். இறங்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் மோசம். தினமும் காலையில் வீட்டிலிருந்து பூஞ்சேரி கூட்டு ரோடு வரைக்கும் நான் கூண்டில் ஏற்றிய கோழி மாதிரிதான் போய்க்கொண்டிருந்தேன்.

காரணம், எனக்கு வலிப்பு வந்தது. இதை இப்படி நேராக எழுதவே கை தயங்குகிறது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. 'அன்னிக்கு' என்று சொல்வோம், புரிந்துவிடும். அன்றைக்குக் காலையில் முகம் மழிக்கக் கண்ணாடி முன்னால் நின்றது வரைக்கும் நினைவிருக்கிறது. அடுத்தது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் மின்விசிறி, அதற்குக் கீழே என் மனைவியின் முகம். நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தான் சரி என்று சொல்கிற வரைக்கும் நான் வண்டியைத் தொடக் கூடாது என்றார். கடலில் இறங்கக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது என்றும் சொன்னார். சொன்னது என்னிடம் இல்லை, அவளிடம்.

தெருவுக்கு நாங்கள் சொன்ன கதை, முதுகில் டிஸ்க் பிரச்சினை. ஆபீஸுக்குச் சொன்னது, கண் நரம்பில் கோளாறு. வீட்டில் கல்யாண வயதை நெருங்குகிற பெண் இருக்கிறாள். ஊரப்பாக்கத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அப்பனுக்கு இப்படி என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது அவளுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். என் வேலையும் அப்படி. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். சாஃப்ட்வேருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லிஃப்ட் நின்றால், ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால், பார்க்கிங்கில் சண்டை வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் தெருவில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு ஏ.சி. பஸ்ஸில் ஏறிய முதல் ஆள் நான். ஜெனரேட்டர் அறைக்குப் போகிறவனுக்கு வலிப்பு என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

அவள் என் அத்தை மகள். மாமா என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு முன் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே பள்ளிக்கூட மைதானத்தில் ஸ்கூட்டர் பழகப் போனாள். இரண்டு தரம் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கினாள். என்னைக் கூட்டு ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தான் வேலை செய்கிற ரிசார்ட்டுக்குப் போவாள். அங்கே அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். சாவி வளையத்தில் வண்டிச் சாவியோடு ஒரு பழைய இரும்புச் சாவியையும் கோத்து வைத்திருந்தாள். கனமான, நீளமான சாவி. எங்கள் வீட்டில் எந்தப் பூட்டுக்கும் அது சேராது. வண்டி ஓடும்போது ஹேண்டில் அடியில் டங்கு டங்கு என்று இடித்துக்கொண்டே வரும். இதைக் கழற்று, இக்னிஷன் லாக் தேய்ந்துவிடும் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "கெடக்கட்டும் மாமா, அதுக்கு இன்னா சோறா போடுற?" என்பாள்.

சைக்கிளுக்கே பயந்தவளுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். ரிசார்ட்டில் அவளைப் பொறுமைசாலி என்பார்கள். கீரை ஆய்ந்தால் ஒவ்வொரு இலையாகப் பார்ப்பாள். ஸ்கூட்டரில் என்னை ஏற்றியவுடன் வேறு ஆளாகிவிடுவாள். தெருவிலேயே நாற்பது, மெயின் ரோட்டில் ஐம்பதுக்கு மேல். இதில் எங்கள் பஸ்ஸின் வழக்கம் வேறு சேர்ந்துகொண்டது.

மாமல்லபுரத்தில் புறப்படுகிற கம்பெனி பஸ் கூட்டு ரோட்டில் யாருக்காகவும் நிற்காது. நேரம் ஆனால் கிளம்பிவிடும். ஆனால் தவறவிட்டவன் வண்டியில் துரத்தி வந்தால் அடுத்த ஸ்டாப்பான பையனூரில் அவனுக்காகக் கொஞ்சம் காத்திருக்கும். யார் எப்போது ஆரம்பித்து வைத்தார்களோ, இது எழுதாத சட்டம். பின்னால் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஒரு ஸ்கூட்டரோ மொபெட்டோ வந்தால் டிரைவர் ஹாரன் அடித்து ஊக்கம் கொடுப்பார். கடைசி சீட்டுக்காரர்கள் மண்டி போட்டுத் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அண்ணன் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு துரத்துவான், அப்பன் மகனை ஏற்றிக்கொண்டு துரத்துவான். பிடித்துவிட்டால் பஸ்ஸே கை தட்டும். அந்தப் பஸ்ஸில் என் மனைவிக்குத் தனிப் புகழ். நான் ஏறும்போது, "அக்கா சூப்பர் சார்" என்று எனக்குக் கை கொடுப்பார்கள்.

இதில் கேவலம் என்னவென்றால், கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர்களை மெதுவாகப் போகச் சொல்கிற பொறுப்பு என்னுடையது. பார்க்கிங் நிர்வாகப் பிரிவின் கீழ் வருவதால் பாதுகாப்பு வாரமும் என் தலையில் விழுந்தது. ஹெல்மெட் போடுங்கள், மணல் கிடக்கிற வளைவில் வேகம் வேண்டாம் என்று போர்டு எழுதி மாட்டுவேன். நுழைவாயிலில் நின்று ஸ்கூட்டர்களைக் கை காட்டி மெதுவாக விடச் சொல்வேன். கொஞ்ச நேரம் முன்னால்தான் என் உயிர் ஐம்பதில் வந்து இறங்கியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் நான் முயற்சி செய்யாதது இல்லை. அலாரத்தை முன்னால் தள்ளி வைத்தேன். சீக்கிரம் கிளம்பினாலும் அதே வேகம்தான். மீட்டரில் நாற்பதுக்கு நேராகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். அது முள்ளை மறைக்கிறது என்று கிழித்துப் போட்டாள். பெண்ணை விட்டுச் சொல்லச் சொன்னேன். "அம்மா உன்ன பத்திரமாத்தானே இட்டுகினு போவுது" என்று அவள் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள். கடைசியில் எனக்கு மிஞ்சியது வாய் ஒன்றுதான். சீட்டில் உட்கார்ந்தது முதல் இறங்குகிற வரை "மெதுவா, மெதுவா, மாடு, மாடு, பள்ளம்" என்று ஓதிக்கொண்டே வருவேன். அவள் காதில் வாங்கினால்தானே. அவளும் சும்மா வர மாட்டாள். ஓட்டிக்கொண்டே கழுத்தைத் திருப்பி என்னைக் கேள்வி கேட்பாள். "மாமா, கேஸ் புக் பண்ணியா?" "மோட்டார் ஆஃப் பண்ணியா?" "பொண்ணுக்குப் போன் பண்ணியா?" வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியை எல்லாம் டிப்பர் லாரிகளுக்கு நடுவில் கேட்கிற பொம்பளையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பண்ணிட்டேன், பண்ணிட்டேன், ரோட்டைப் பார் என்று கத்துவேன்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவர் ஓட்டும்போது மனைவி பின்னாலிருந்து தொணதொணப்பாளாம். அந்த எரிச்சலில்தான் தனக்குக் கை முறுக்கிக்கொள்கிறது என்றார். எனக்கு விளக்கு எரிந்த மாதிரி இருந்தது. தப்பு நம் வாயில் இருக்கிறது போல, பேச்சை நிறுத்தினால் வேகம் தானாக இறங்கும் என்று முடிவு கட்டினேன். அந்த ஆண்டு பாதுகாப்பு வாரத்தில் வாசகப் போட்டி வந்தது. 'பின் சீட்டில் பேச்சு குறைந்தால் முன் சீட்டில் வேகம் குறையும்' என்று எழுதிப் போட்டேன். முதல் பரிசு. வாசகத்தை ஸ்டிக்கராக அச்சடித்து எல்லாக் கம்பெனி பஸ்ஸிலும் டிரைவர் தலைக்கு மேலே ஒட்டினார்கள். பரிசு, முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட். கறுப்புக் கண்ணாடி வைத்தது. போட்டால் உள்ளே இருப்பது நானா வேறு ஆளா என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

பரிசை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டி, நாளையிலிருந்து வண்டியில் பேச்சு கிடையாது என்று அவளிடம் சொன்னேன். நானும் பேச மாட்டேன், நீயும் கேட்காதே, எதுவாக இருந்தாலும் இறங்கிப் பேசிக்கொள்ளலாம். அவள் ஹெல்மெட்டைக் கையில் வாங்கி அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தப் போட்டா உன் மூஞ்சியே தெரியாதே மாமா" என்றாள். ரோட்டைப் பார்க்க என் மூஞ்சி எதற்கு என்றேன். அவள் அதை அலமாரி மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் நான் கல்லாக உட்கார்ந்தேன். தெரு தாண்டியதும் அவள் வழக்கம்போல, "மாமா, தண்ணி கேன் சொல்லிட்டியா?" என்றாள். நான் பேசவில்லை. "மாமா?" என்றாள். பேசவில்லை. முள் ஏறியது. பழைய பழக்கம், இரண்டு நாளில் சரியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஐம்பது அறுபதானது. நான் எந்த அளவுக்கு வாயை மூடினேனோ அந்த அளவுக்கு வண்டி பறந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இவளுக்கு என் மேல் ஏதோ கோபம், அதை வண்டியில் காட்டுகிறாள் என்றுகூட நினைத்தேன். ஆனால் சாயந்திரம் வீட்டில் பார்த்தால் கோபத்தின் அடையாளமே இருக்காது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு நான் மாத்திரை போடுகிறேனா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்படியே ஒரு மழைக்காலம் வந்தது. ஒருநாள் விடிய விடிய மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தது. தண்ணீர் மோட்டார் ஓடாமல் தகராறு பண்ணியதில் கிளம்ப நேரமாகிவிட்டது. கூட்டு ரோட்டை நெருங்கும்போது எங்கள் பஸ் திரும்பி வேகமெடுப்பது தெரிந்தது. பின்பக்கக் கண்ணாடியில் கை ஆட்டினார்கள். அவள் பிரேக்கைத் தொடவே இல்லை.

"மாமா, புடிச்சிரலாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பேசக் கூடாது என்ற என் வீறாப்பும் அங்கேயே இருந்தது. வீறாப்புதான் ஜெயித்தது. முன்னால் ஒரு டிப்பர் கருங்கல் ஜல்லி ஏற்றிக்கொண்டு சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது. அதை வலப்பக்கம் தாண்டினாள். எதிரில் வேன். எனக்குத் தாடை பூட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் அவள் தோளை இறுக்கிப் பிடித்தேன். முதுகு பலகையாக விறைத்துவிட்டது. பல்லை நெறித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "மாமா, கேஸ் புக் பண்ணியா?" என்று அவள் கேட்பது ஹெல்மெட்டுக்கு வெளியே எங்கேயோ கேட்டது. சாகப் போகிற நேரத்தில் கேஸா என்று நினைத்தேன். "மாமா! மாமா!" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துத் தோளில் இருந்த என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஈர ரோட்டில், ஒற்றைக் கையில் ஓட்டிக்கொண்டு, என் நாடியை நசுக்குகிற மாதிரி பிடித்திருந்தாள். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணுக்கு யார் போன் பண்ணிச் சொல்வார்கள் என்று ஒரு யோசனை ஓடியது.

பஸ்ஸின் ஹாரன் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். பையனூர் ஸ்டாப். பஸ் ஓரம் கட்டி எங்களுக்காகக் காத்திருந்தது. ஜன்னல்களில் கைகள். அப்பாடா, இறங்கலாம் என்று பெருமூச்சு விட்டேன். எங்கள் ஸ்கூட்டர் பஸ்ஸைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை. பஸ் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது.

மணிக்கட்டை உருவிக்கொண்டு அவள் தோளைத் தட்டினேன். பஸ்ஸு, பஸ்ஸு என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே முனகலாகத்தான் கேட்டது. தட்டத் தட்ட அவள் முன்னால் குனிந்து இன்னும் முறுக்கினாள். ஹாரனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. நான் இரண்டு கையாலும் அடித்தேன். அடிக்க அடிக்க வண்டி இன்னும் வேகமாகப் போனது. ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிற வயதா எனக்கு? மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டு, எதற்கென்று தெரியாத ஓர் இடத்துக்கு நான் இழுத்துக்கொண்டு போகப்பட்டேன்.

ஆலத்தூரில் போலீஸ் பேரிகேடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருந்தார்கள். அதில்தான் வண்டி நின்றது. அவள் ஸ்டாண்டு போடவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்து இறங்கினாள். வண்டி என் காலின் மேல் சாய்ந்தது. இரண்டு கையாலும் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. என் வலது கையை விரித்து, அதில் அந்தச் சாவி வளையத்தைத் திணித்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"கெட்டியா புடி மாமா. இரும்ப உடாத. கெட்டியா புடி."

உள்ளங்கையில் அந்தப் பழைய இரும்புச் சாவி உறுத்தியது. எங்கள் பக்கம் யாருக்காவது வலிப்பு வந்தால் கூட்டத்தில் ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார். இரும்பைக் கையில் கொடுத்தால் நின்றுவிடும் என்று நம்பிக்கை. அதில் ஒன்றும் இல்லை என்று செங்கல்பட்டில் டாக்டரே அவளிடம் சொல்லியிருக்கிறார், நான் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு வந்து எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவியைத் தேடிப் பிடித்து வண்டியில் மாட்டியிருக்கிறாள்.

"உன் பேரு இன்னா? சொல்லு."

என் பெயரைச் சொன்னேன்.

"இன்னிக்கு இன்னா கெழம?"

"வியாழக்கெழம."

"பொண்ணு இன்னா படிக்குது?"

அதையும் சொன்னேன். இந்தக் கேள்விகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவை. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவள் நம்பாமல் என் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேரிகேடு பக்கத்தில், ஈர மண்ணில், வேலைக்குப் போகிற புடவையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏதோ சொல்ல வந்த போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எங்கள் பஸ் வந்து பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தலையை நீட்டி, "ஏறுங்க சார், அக்கா பஸ்ஸையே தோக்கடிச்சிட்டாங்க" என்றார். உள்ளே கை தட்டினார்கள். டிரைவர் தலைக்கு மேலே என் வாசகம் பளிச்சென்று தெரிந்தது. நான் வரவில்லை, போங்கள் என்று கை காட்டினேன். பிடித்த பஸ்ஸை யாரும் விட்டதாக அந்தப் பஸ்ஸில் சரித்திரம் இல்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டே கதவை மூடிக்கொண்டு போனார்கள்.

வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸைத் தாண்டி எங்கே போனாய் என்று கேட்டேன். கேளம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அப்புறம் 'அன்னிக்கு' நடந்ததை முதல் தடவையாகச் சொன்னாள்.

"ஆட்டோல உன் தலய மடில வச்சிகினு ஒக்காந்துகினு கீறேன். திருக்கழுக்குன்றம் ரோட்ல முன்னாடி கல்லு லாரி. ஆட்டோ ஊர்ந்துகினு போவுது. சீக்கிரம் போப்பான்றேன், வயி இல்லம்மான்றான். நீ வெறச்சிகினு கீற, பல்ல நறநறன்னு கடிக்கிற. மாமா மாமான்னு கூப்புடுறேன், நீ பேசவே இல்ல. மெதுவான்னா எனக்கு அந்த ஆட்டோதான் மாமா."

பேசிய நாளெல்லாம் 'மெதுவா' என்று நான் அந்த ஆட்டோவைத்தான் ஞாபகப்படுத்தியிருக்கிறேன். ஹெல்மெட் வந்த பிறகு அவளுக்குப் பின்னால் நான் தினமும் 'அன்னிக்கு' மாதிரியேதான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். விறைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பேசாமல். அவளுக்கு முதுகில் கண் இல்லை. திரும்பிப் பார்த்தாலும் கறுப்புக் கண்ணாடிதான். நான் தோளில் தட்டியதுகூட அவளுக்குக் கை வெட்டி இழுப்பதாகத்தான் தெரிந்திருக்கும். வலிப்பா என்று கேட்க அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இல்லை. அதனால்தான் கேஸ் சிலிண்டர், தண்ணி கேன். பதில் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

"நான் பயந்துகினு ஒக்காந்திருந்தேன்மே" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"நீ ஓட்ற ஓட்டத்துக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ கம்முனு வரியேன்னுதான் நான் அப்டி ஓட்றேன்" என்றாள். ரோட்டில் ஷிப்டுக்குப் போகிற மொபெட்டுகளும் ஸ்கூட்டர்களும் பேரிகேடுகளை வளைத்து வளைத்துப் போய்க்கொண்டிருந்தன. அதில் எத்தனை பேருக்குப் பின்னால் எது துரத்திக்கொண்டு வருகிறதோ என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பினோம். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறினேன். அவள் கேட்பதற்கு முன்னால் நானே பேசினேன். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. பையனூரில் புதிதாக ஒரு பிரியாணிக் கடை வந்திருக்கிறது என்றேன். மழையில் எங்கள் வீட்டு மாடியில் ஒழுகுகிறது என்றேன். எதிரே மீன் பெட்டி கட்டிய மொபெட் வருகிறது என்றேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் தோள் என் கைக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்குவது தெரிந்தது. நான் எட்டி மீட்டரைப் பார்த்தேன். முள் நாற்பதைத் தொடாமல் நின்றிருந்தது. ஸ்டிக்கரும் அலாரமும் பெண்ணும் பரிசு வாசகமும் செய்யாததைப் பிரியாணிக் கடை செய்துவிட்டது.

மறுவாரம் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கண்ணாடி மாட்டினேன். பஸ்ஸில் ஒட்டிய வாசகத்தை என்னால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் 'அன்னிக்கு' வரைக்கும் போக வேண்டியிருக்கும். இன்றைக்கும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்து போகிறேன். அடுத்த பாதுகாப்பு வாரத்தில் வாசகப் போட்டி வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். எல்லோரையும் உட்காரவைத்து, உங்களுக்கு எதனால் கை முறுக்கிக்கொள்கிறது என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் வருகைப் பதிவு என்றார். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிற ஒரு பெண், குழந்தை அழுகிற சத்தம் காதை விட்டுப் போகிற வரைக்கும் வேகமாகத்தான் ஓட்டுவேன் என்றாள். உங்களுக்கு என்ன சார் என்று என்னைக் கேட்டார்கள். நான் பின் சீட்டுதானே என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கூட்டு ரோட்டிலேயே கொஞ்சம் நின்று எடு, பையனூரில் நிற்காதே என்று டிரைவரிடம் பேசி வைத்தேன். அவர் சில நாள் செய்கிறார், சில நாள் மறந்துவிடுகிறார்.

டாக்டர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மாத்திரை ஓடுகிறது. பெண்ணுக்கு ஜாதகம் கேட்டு யாரோ வந்தார்கள், நாங்கள் முதுகு டிஸ்க் கதையையே சொன்னோம். நான் அதே சீட்டில், அதே முதுகைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். பேச்சு தீர்ந்துபோனால் கடை போர்டுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். டீக்கடை முனையில் இருப்பவர்கள் இப்போது டிரைவர் என்று கேலி பண்ணுவதில்லை. "அண்ணாத்த ரேடியோ போவுது பாரு" என்கிறார்கள்.

போன வாரம் கூட்டு ரோட்டில் எங்கள் கண் முன்னாலேயே பஸ் கிளம்பிவிட்டது. கடைசி சீட்டுக்காரர்கள் அக்கா, அக்கா என்று ஜன்னலைத் தட்டினார்கள். நான் போர்டு படிப்பதை நிறுத்திவிட்டு, இப்போது என்ன செய்வாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரும்புச் சாவி டங்கு டங்கு என்று இடித்தது. அவள் கழுத்தைத் திருப்பினாள்.

"மாமா, கேஸ் புக் பண்ணியா?"

சிலிண்டர் முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தது. வாங்கி வைத்ததே அவள்தான்.

"பண்ணிட்டேன்மே" என்று சத்தமாகச் சொன்னேன். அவள் வண்டியை ஓரம் கட்டி, பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.